பொருக்கைப் பிய்க்காதீர்கள்: நாய், பூனைகளின் ஆட்டோஇம்யூன் தோல் நோய்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மூஞ்சியெல்லாம் பக்குப் பக்கா இருந்துச்சு டாக்டர். அப்படியே கூட்டிட்டு வர மனசு வரல. நேத்து ராத்திரியே வெந்நீர்ல பஞ்ச நனைச்சு ஒண்ணொண்ணா எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

மேசைமேல் நின்ற லேப்ரடாரின் மூக்குத்தண்டு இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அந்த அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஆனால் அந்தப் பொருக்குகளோடு சேர்ந்து, நோயைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்ட தடயமும் குப்பைக்குப் போய்விட்டது.

"பரவாயில்லைங்கம்மா. இனிமே எதையும் துடைக்காம இருங்க. புதுசா ஒரு கொப்புளம் தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் காலையில் காதின் உட்புறத்தில் மூன்று சீழ்க்கொப்புளங்களோடு வந்தாள் அவள். அன்றுதான் அவளுடைய சிகிச்சை உண்மையில் தொடங்கியது.

தோல் நோய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவராக நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். ஆட்டோஇம்யூன் தோல் நோயில் நம் செல்லப் பிராணிகள் அவதிப்படுவதற்கு மருந்து இல்லாதது காரணமல்ல. அவசரம்தான் காரணம். நோய் என்னவென்று தெரிவதற்குள் மருந்தைத் தொடங்கிவிடுகிறோம். தோல் கொஞ்சம் அழகானதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். இந்த இரண்டு இடங்களிலும் எப்படி நடந்துகொள்வது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

நோய்க்கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிச் சொந்தத் தோலையே தாக்குவதுதான் ஆட்டோஇம்யூன் நோய். தன்னுடல் தாக்கு நோய் என்றும் சொல்கிறோம்.

தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று டிச் பட்டன் போட்டதுபோல் இணைந்திருக்கின்றன. அந்த பட்டன்களுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் என்ற நோயில், எதிர்ப்புப் புரதங்கள் போய் அந்த பட்டன்களின் மேல் உட்காருகின்றன. நாய்களில் பெரும்பாலும் குறிவைக்கப்படுவது டெஸ்மோகொலின்-1 என்ற புரதம். மனிதர்களுக்கு வரும் இதே நோயில் அது டெஸ்மோக்ளீன்-1. பட்டன் கழன்றதும் செல்கள் பிரிந்து, உருண்டையாகி மிதக்கத் தொடங்குகின்றன. வெள்ளணுக்கள் அங்கே கூடிச் சீழ்க்கொப்புளம் உண்டாகிறது. நாயின் மேல்தோல் மெல்லியது. அதனால் அந்தக் கொப்புளம் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில், உடைந்துவிடும். பிறகு நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தேன் நிறத்தில் காய்ந்த பொருக்குதான்.

தாக்குதல் எந்த ஆழத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் தோற்றம் மாறும். மேலடுக்கில் நடந்தால் பொருக்கு. அதற்குக் கீழே நடந்தால் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். அதில் பொருக்கைவிடப் புண்கள் அதிகம், வாய்க்குள்ளும் வரும். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் அடிச்சவ்வில் நடந்தால் பெம்ஃபிகாய்டு வகைகள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், ஆய்வக அறிக்கையில் வரும் வாய்க்குள் நுழையாத பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இது தொற்றாது, வீட்டில் உள்ள மற்ற பிராணிக்கோ குழந்தைக்கோ ஒட்டாது. அழுக்கால் வரவில்லை. நீங்கள் சரியாகக் கவனிக்காததால் வரவில்லை. சில இனங்களில் பரம்பரைச் சாய்வு உண்டு: அகிடாவும் சௌ சௌவும் பெம்ஃபிகஸுக்குப் பெயர்போனவை. சிலவற்றில் ஏதோ ஒரு மருந்து தூண்டிவிடும். அமிட்ராஸும் மெட்டாஃப்ளூமிசோனும் சேர்ந்த ஒரு தெள்ளுப்பூச்சி மருந்தைத் தடவிய நாய்களில் பெம்ஃபிகஸ் போன்ற நோய் வந்தது ஆராய்ச்சி இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் கடந்த சில மாதங்களில் கொடுத்த, பூசிய, போட்ட எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பல நேரங்களில் காரணம் கடைசிவரை தெரியாது. காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை செய்ய முடியும்.

படி 1: எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்

தோல் நோயில் இடம்தான் பாதி விடையைச் சொல்லிவிடும். பகல் வெளிச்சத்தில் பிராணியை உட்காரவைத்து, மூக்கிலிருந்து தொடங்கி வால் நுனிவரை நிதானமாகப் பாருங்கள்.

மூக்குத்தண்டு, கண்ணைச் சுற்றி, காது மடல், பாத மெத்தை. இந்த இடங்களில் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பொருக்குத் தட்டியிருந்தால் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸை முதலில் நினைக்க வேண்டும். நாய், பூனை இரண்டுக்கும் வரும் ஆட்டோஇம்யூன் தோல் நோய்களில் இதுதான் அதிகம் காணப்படுவது. மனிதர்களில் 1844-லேயே பிரெஞ்சு மருத்துவர் காசனாவ் விவரித்த நோய். நாயில் 1977-ல்தான் பதிவானது. சாதாரண பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தொடங்கும். மூக்குத்தண்டை அது மட்டுமே தனியாகப் பிடிப்பது குறைவு. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

பூனையில் இன்னொரு இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: நக மடிப்பு. விரலை மெதுவாக அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவாருங்கள். நகத்தின் அடியில் பற்பசை மாதிரிக் கெட்டியான வெண்சீழ் ஒட்டியிருக்கிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பாதங்களில் இருக்கிறதா? அடிபட்ட நகம் என்றால் ஒரு விரலில்தான் இருக்கும். பல விரல்களில் இருந்தால் பெம்ஃபிகஸ் சந்தேகம் வலுக்கிறது. மார்க்காம்புகளைச் சுற்றியும் பாருங்கள்.

அடுத்து மூக்கின் நுனி. ஆரோக்கியமான நாயின் மூக்கு நுனி கறுப்பாக, சின்னச் சின்னக் கற்களைப் பதித்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு மழுங்கி, கறுப்பு நிறம் சாம்பல் நீலமாகி, பிறகு இளஞ்சிவப்பானால் அது டிஸ்காய்டு லூபஸின் ஆரம்பமாக இருக்கலாம். வெயிலில் கூடும் நோய் இது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோலி போன்ற இனங்களில் அதிகம்.

இவை தவிர: உதட்டிலோ வாய்க்குள்ளோ புண், காது நுனியிலும் வால் நுனியிலும் தோல் கறுத்து, ஓரத்தில் துண்டு வெட்டியதுபோல் விழுதல், சில வாரங்களுக்குள் ஒவ்வொரு நகமாகக் கழன்று விழுதல், பொருக்கோ அரிப்போ இல்லாமல் வழவழவென்று வட்டமாக முடி உதிர்தல், முடியின் அடியோடு செதில் ஒட்டிக்கொண்டு வருதல். பார்த்ததையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கொப்புளம் உடையும் முன் நீங்கள் எடுத்த ஒரு படம், நான் பத்து நிமிடம் கேட்கும் கேள்விகளைவிட அதிகம் சொல்லும்.

உடனே ஓட வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

- கண் சிவந்து, வலியால் மூடிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்க்க மறுத்தல். அகிடா, சமோயெட், சைபீரியன் ஹஸ்கி இனங்களில் கண்ணையும் தோலையும் சேர்த்துத் தாக்கும் ஒரு நோய் உண்டு. நிறமிச் செல்கள்தான் அதன் இலக்கு. மூக்கும் உதடும் வெளுப்பதற்கு முன்பே கண் பாதிக்கப்படலாம். தாமதித்தால் பார்வை போய்விடும்.
- வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமை. பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதே கல்லீரலுக்கு ஆபத்து.
- தோல் பரவலாக உரிந்து வருதல்.
- காய்ச்சல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நொண்டல், ஈறு வெளுத்தல். லூபஸ் தோலோடு நிற்காமல் மூட்டு, சிறுநீரகம், ரத்தம் என்று உடலெங்கும் பரவும் வகையின் அறிகுறிகள் இவை.

படி 2: மருத்துவரைப் பார்க்கும்வரை எதையும் கலைக்காதீர்கள்

குளிப்பாட்ட வேண்டாம். பொருக்கை எடுக்க வேண்டாம். முடியை மழிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் பூச வேண்டாம். நக்கி நக்கிப் புண்ணாக்கினால் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள், அது போதும்.

"ஒரே ஒரு ஊசி போட்டாங்க டாக்டர், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துருச்சு" என்று பலர் சொல்வார்கள். அந்த ஊசி பெரும்பாலும் வாரக்கணக்கில் உடலில் தங்கும் ஸ்டீராய்டு. கோபப்படாமல், ஒளிக்காமல், ஊசியின் பெயரும் தேதியும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது பயாப்ஸி (தோலில் சிறு துண்டை வெட்டி ஆய்வகத்தில் பார்ப்பது) எடுத்தால் நோயின் உருவமே அழிந்திருக்கலாம். மாத்திரை என்றால் நிறுத்தி இரண்டு, மூன்று வாரமாவது கழித்து எடுப்பது நல்லது. ஊசி என்றால் அதைவிட நீளும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்கிற விதத்தில்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். வலிக்கிறதே என்று நமக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

படி 3: வேஷம் போடும் நோய்களை விலக்குங்கள்

பொருக்குத் தட்டும் நோய்கள் ஏராளம். ஆட்டோஇம்யூன் என்று முத்திரை குத்துமுன் கீழே உள்ளவற்றைப் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை, தொற்று உள்ள உடலில் கொடுத்தால் தொற்று காட்டுத்தீ மாதிரிப் பரவும்.

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து டெமோடெக்ஸ் உண்ணியையும் சொறி உண்ணியையும் விலக்க வேண்டும். முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ட்ரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அது மூக்குத்தண்டிலேயே பொருக்குத் தட்டும். கொப்புளத்தில் பெம்ஃபிகஸைப் போலவே பிரிந்த செல்களையும் காட்டும். பெம்ஃபிகஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை தலைவிரித்தாடும்.

ஹஸ்கி, மாலமூட் இனங்களில் துத்தநாகக் குறைபாடு கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கைத் தரும். வயதான நாயின் பாத மெத்தை தடித்து வெடித்தால் கல்லீரலையும் பார்க்க வேண்டும். பூனையின் மூக்கிலும் காதிலும் மட்டும் புண் இருந்தால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். மணல் ஈ இருக்கும் பகுதிகளில், அது பரப்பும் லீஷ்மேனியா ஒட்டுண்ணிக்கான சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

எளிமையான, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. உடையாத கொப்புளத்தை ஊசி முனையால் மெல்லத் திறந்து, கண்ணாடி வில்லையை அதன்மேல் ஒற்றி, சாயமேற்றிப் பார்ப்பது. நான் சொன்ன அந்த லேப்ரடாரின் காதுக் கொப்புளத்தை அப்படி ஒற்றிப் பார்த்தேன். வெள்ளணுக்களின் கூட்டம். நடுநடுவே பெரிய, உருண்டையான, அடர்நீலச் செல்கள், தனித்தனியாகவும் தெப்பம் தெப்பமாகவும். பட்டன் கழன்ற தோல் செல்கள்தாம் அவை. பாக்டீரியா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நோய் உறுதியாகிவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த படிக்குத் தைரியமாகப் போகலாம்.

பாக்டீரியா தெரிந்தால்? முதலில் அதற்குச் சிகிச்சை, வழக்கமாக மூன்று வாரம். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் புண்களில்தான் பயாப்ஸி எடுக்க வேண்டும்.

படி 4: பயாப்ஸி

இந்தப் படியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தவறு இது. ஒரு நாய்க்குப் பயாப்ஸி எடுக்குமுன், அறுவை சிகிச்சைக்குச் செய்வதுபோலத் தோலை மழித்து, சோப்பு போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு எடுத்தேன். அறிக்கையில் வந்தது ஒரே வரி: 'குறிப்பிட்டுச் சொல்லும்படியான மாற்றம் இல்லாத தோல் அழற்சி.' பெம்ஃபிகஸில் நோய்க்கூறு இருப்பது மேல்தோலிலும் பொருக்கிலும்தான். அதை நானே தேய்த்துக் கழுவிவிட்டேன். அந்த நாய் இன்னொரு முறை மயக்க மருந்தைத் தாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பயாப்ஸி மேசைக்குப் பக்கத்தில் சோப்பை வைப்பதே இல்லை.

உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் பேச வேண்டிய விஷயங்கள் இவை:

- தோலைத் தேய்த்துக் கழுவாமல் எடுக்க வேண்டும். முடி நீளமாக இருந்தால் பொருக்கு அசையாமல் கத்தரியால் மட்டும் வெட்டலாம்.
- ஒரே ஒரு துண்டு போதாது. வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் இடங்களிலிருந்து மூன்று முதல் ஐந்து துண்டுகள் வேண்டும். உடையாத கொப்புளம் இருந்தால் முதல் உரிமை அதற்கு.
- கொப்புளம் இல்லையென்றால் பொருக்கோடு சேர்த்து எடுக்க வேண்டும். பொருக்கு தனியே கழன்று விழுந்தால் அதையும் புட்டியில் போட்டு, 'பொருக்கையும் சேர்த்துப் பாருங்கள்' என்று எழுதி அனுப்ப வேண்டும்.
- புண்ணின் நடுப்பகுதியில் எடுப்பது வீண். அங்கே மேல்தோலே இருக்காது. மூக்கு நுனி என்றால் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கிய, இன்னும் உடையாத ஓரத்தில் எடுக்க வேண்டும்.
- பிராணிகளின் தோல் திசுவைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் நிபுணரிடம், படங்களோடும் மருந்து விவரங்களோடும் அனுப்ப வேண்டும்.

தையல் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிக்கப்படும். பெரும்பாலான இடங்களுக்கு லேசான மயக்கமும் மரத்துப்போகும் ஊசியும் போதும்; மூக்குக்கும் பாதத்துக்கும் முழு மயக்கம் தேவை.

சொந்தச் செல்களின் கருவையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஏ.என்.ஏ. என்ற ரத்தச் சோதனையைப் பலர் கேட்கிறார்கள். உடலெங்கும் பரவும் லூபஸைச் சந்தேகித்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. நாள்பட்ட வேறு தொற்றுகளிலும் அது நேர்மறையாக வரும். பெம்ஃபிகஸுக்கு அது உதவாது. ஆனால் முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, சிறுநீர் எல்லாவற்றையும் சிகிச்சைக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பூனைக்கு லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் வைரஸ்) சோதனையும் செய்துவிடுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் மருந்தாலா, முன்பே இருந்ததா என்று தெரிய வேண்டுமே.

படி 5: சிகிச்சை, பெயரைப் பொறுத்து

எல்லா ஆட்டோஇம்யூன் நோய்க்கும் பலமான மருந்து தேவையில்லை. பயாப்ஸி செய்வதே இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

மூக்கோடு நிற்கும் டிஸ்காய்டு லூபஸுக்கு 0.1% டாக்ரோலிமஸ் களிம்பே பல நாய்களுக்குப் போதும். நாளைக்கு இரண்டு முறை, கையுறை போட்டுத் தடவுங்கள். நாய் அதை உடனே நக்கிவிடும் என்பதால், தடவிய கையோடு வெளியே நடக்கக் கூட்டிப்போங்கள்; பதினைந்து, இருபது நிமிடம் கவனம் வேறெங்காவது இருந்தால் போதும். இதோடு டாக்ஸிசைக்ளினும் நியாசினமைடும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இங்கே டாக்ஸிசைக்ளின் கொடுப்பது கிருமியைக் கொல்ல அல்ல, அழற்சியைத் தணிக்க. உங்கள் மருத்துவர் பூனைக்கு இந்த மாத்திரையை எழுதினால், கூடவே சில மில்லி தண்ணீர் புகட்டுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்.

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை வெயிலில் விடாதீர்கள். மனிதர்களுக்கான சன்ஸ்கிரீனை மூக்கில் பூசாதீர்கள். அதில் உள்ள ஜிங்க் ஆக்ஸைடை நக்கி விழுங்கினால் நஞ்சு.

நகம் கழலும் நோய்க்கு ஒமேகா-3, டாக்ஸிசைக்ளின், நியாசினமைடு, பென்டாக்ஸிஃபைலின் ஆகியவற்றை வைத்துத் தொடங்குவோம். நகம் மெதுவாகத்தான் வளரும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். நிறம் மட்டும் வெளுக்கும் விட்டிலிகோவுக்குச் சிகிச்சையே தேவையில்லை. உங்கள் நாய்க்கு அதனால் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்தான் பெரிய போர். பிரெட்னிசோலோன்தான் முதல் ஆயுதம். நாய்க்கு எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் அளவிலும், பூனைக்கு 2 முதல் 4 மில்லிகிராம் அளவிலும் தொடங்குவது வழக்கம். அரிப்புக்குக் கொடுக்கும் அளவைவிட இது பல மடங்கு. அதனால்தான் 'வீட்ல மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரை' வேலை செய்யாது, நோயை அரைகுறையாக மறைக்க மட்டுமே செய்யும். இந்த எண்களைச் சொல்வது மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்ளத்தான். நீங்களாகக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்கு அல்ல.

முதல் வாரத்திலேயே மாற்றங்கள் தெரியும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்கும், மூச்சிரைக்கும். தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். ராத்திரி ஒரு முறை வெளியே கூட்டிப்போகப் பழகிக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் அளவை மட்டும் கட்டுக்குள் வையுங்கள். ஸ்டீராய்டு ஓடும்போது வேறு வலிமாத்திரை சேர்ந்தால் இரைப்பையில் ஓட்டையே விழலாம்.

ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைப்பதற்காக இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்ப்போம். நாய்க்கு அசத்தியோபிரின் உண்டு. பூனைக்கு அசத்தியோபிரின் கூடவே கூடாது. எலும்பு மஜ்ஜையை அழித்துவிடும். பூனைக்குக் குளோராம்புசிலோ சைக்ளோஸ்போரினோ கொடுக்கலாம். சைக்ளோஸ்போரின் சாப்பிடும் பூனையை வேட்டைக்கு வெளியே விடாதீர்கள், பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். அசத்தியோபிரின், குளோராம்புசில் மாத்திரைகளை உடைக்காமல், பொடிக்காமல், கையுறை போட்டுக் கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொட வேண்டாம். இந்த மருந்துகள் முழுப்பலன் தர வாரக்கணக்கில் ஆகும், 'சேர்த்தும் ஒண்ணும் நடக்கலையே' என்று பத்தாம் நாளில் கைவிடாதீர்கள்.

படி 6: குறைப்பது

முதல் மாதத்தின் முடிவில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, புது முடி முளைத்து, பிள்ளை பழையபடி ஓடும். அந்தச் சந்தோஷத்தில் மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஒரு காரணம், நோய் மறைந்திருக்கிறதே தவிரப் போகவில்லை. சட்டென்று திரும்பினால் முன்பு கேட்ட மருந்துக்குக் கேட்காமலும் போகலாம். இரண்டாவது காரணம் அதைவிடக் கடுமையானது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வரும்போது, உடல் தன் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வாந்தி, சோர்வு, மயக்கம், சில நேரம் மரணம்.

புதிய கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் போனபிறகே முதல் குறைப்பு. பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறோம். தினமும் கொடுத்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். நோயை அடக்கி வைக்கும் மிகக் குறைந்த அளவு எதுவென்று தேடுவதுதான் நோக்கம். சிலவற்றுக்கு ஒரு கட்டத்தில் மருந்தே தேவைப்படாமல் போகும். பலவற்றுக்கு ஆயுள் முழுக்கச் சிறிதளவு வேண்டியிருக்கும். மருந்தின் பெயர், அளவு, தேதி, அன்றைக்குத் தோல் இருந்த விதம் என்று நான்கு பத்தியில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குறைக்கும்போது நோய் எந்த அளவில் திரும்பியது என்பதை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

படி 7: கண்காணிப்பு

அசத்தியோபிரின் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கையும் கல்லீரலும் பார்க்க வேண்டும். பிறகு மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. நீண்டகால ஸ்டீராய்டில் இருக்கும் பிராணிக்குச் சிறுநீர்த் தொற்று எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் வளர்ப்புச் சோதனை செய்யுங்கள். பூனைக்குச் சர்க்கரையை விடாமல் பாருங்கள். அதன் காது நுனி சுருண்டு மடங்கினாலோ, தோல் காகிதம் மாதிரி மெலிந்தாலோ ஸ்டீராய்டு அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

தடுப்பூசி போடலாமா என்பதை ஒவ்வொரு பிராணிக்கும் தனியாக முடிவுசெய்ய வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கியிருக்கும்போது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்ப்போம். ரேபிஸ் தடுப்பூசி அந்த வகை அல்ல. அதை நீங்களாக விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

சிகிச்சை ஓடும்போது மறுபடி கொப்புளம் வந்தால், நோய் திரும்பிவிட்டது என்று உடனே அளவைக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அடக்கப்பட்ட உடலில் பாக்டீரியா, டெமோடெக்ஸ், பூஞ்சை மூன்றும் எளிதாக நுழையும். அவையும் கொப்புளம்தான் தரும். ஒற்றிப் பார்க்காமல் அளவை மாற்றக் கூடாது.

எல்லாக் கதையும் நல்லபடி முடிவதில்லை. பெம்ஃபிகஸ் வல்காரிஸும் பரவிய லூபஸும் கொடியவை. பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸிலும் மருந்துக்கு அடங்காத, அல்லது மருந்தின் பக்கவிளைவைத் தாங்காத பிராணிகளை நான் இழந்திருக்கிறேன். முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம். அந்த நாட்களில் தோலை மட்டும் பார்க்காமல், சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, நீங்கள் வீட்டுக்குள் வரும்போது வாலாட்டுகிறதா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். பூனைகள் பொதுவாக ஸ்டீராய்டை நாய்களைவிட நன்றாகத் தாங்கும். அதில் எனக்கு எப்போதும் ஒரு ஆறுதல்.

அந்த லேப்ரடாருக்குப் பயாப்ஸியில் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் உறுதியானது. பதினான்கு மாதம் கழித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரையில் அவள் நிம்மதியாக இருந்தபோது, ஒருநாள் காலையில் அந்த அம்மா கூப்பிட்டார். "டாக்டர், வயித்துல ரெண்டு கொப்புளம். ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கையே வைக்கலங்க. குளிப்பாட்டவும் இல்ல." ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். ஊசி முனையால் திறந்து ஒற்றினேன். வெள்ளணுக்கள் இருந்தன, அவற்றுக்குள் கொத்துக் கொத்தாகப் பாக்டீரியா இருந்தது, உருண்டைச் செல் ஒன்றுகூட இல்லை. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு எழுதிக் கொடுத்தேன். அரை மாத்திரை அரை மாத்திரையாகவே தொடர்ந்தது.